குளியலறைக் கண்ணாடிக் கதவு: கோலாலம்பூர், பினாங்கு வீடுகளுக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணாடிக் கதவு போட நினைப்பவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் ஒரு படத்தோடுதான் வருகிறார்கள். படத்தில் கண்ணாடி மட்டும்தான் தெரியும். வீட்டிலோ தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, சுவர் எதனால் கட்டியது, கதவைத் திறந்தால் எதில் இடிக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இவை மூன்றும் தெரிந்துவிட்டால் எந்த வடிவம் பொருந்தும் என்பது பாதி முடிவாகிவிடும். செந்தூல் அடுக்குமாடியிலிருந்து தஞ்சோங் பூங்கா கொண்டோ வரை திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே தொகுத்திருக்கிறோம்.

கண்ணாடி கட்டாயம் வேணுமா? ஷவர் கர்ட்டன் போதாதா?

வாடகை வீடு என்றால் கர்ட்டனே போதும். காலி செய்யும்போது கழற்றி எடுத்துப் போகலாம், டைல்ஸிலும் ஓட்டை விழாது. ஆனால் இங்குள்ள காற்றின் ஈரத்தில் கர்ட்டனின் அடிப்பகுதி காயவே காயாது. சில வாரங்களில் கரும்புள்ளி பிடித்துவிடும். வெந்நீரில் குளித்தால் உள்பக்கம் இழுபட்டு வந்து காலில் ஒட்டும்.

கண்ணாடி போடுவதே கழிப்பறைப் பக்கம் காய்ந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான். வாளியில் பிடித்து மொண்டு குளிப்பவர்களும், தினமும் அறை முழுக்க ஹோஸ் பிடித்துக் கழுவுபவர்களும் இருக்கும் வீட்டில் அந்தப் பலன் பாதிதான் கிடைக்கும். பணத்தைப் போடும் முன் வீட்டில் யார் எப்படிக் குளிக்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள்.

எங்க பாத்ரூம் 5 அடிக்கு 7 அடிதான். கண்ணாடி போட்டா இன்னும் சின்னதாத் தெரியாதா?

தெளிந்த கண்ணாடி போட்டால் தெரியாது. கண் அதைத் தாண்டி எதிர்ச் சுவர் வரை போகும். உள்ளும் வெளியும் ஒரே டைல்ஸ், ஒரே நிறக் கோடு ஓடினால் அறை நீளமாகவே தோன்றும். முழு உயரத்துக்கும் பனிக் கண்ணாடி போட்டாலோ, கட்டம் கட்டமாகக் கறுப்புச் சட்டம் வைத்தாலோதான் அறை பாதியாக வெட்டுப்பட்டது போல் ஆகும்.

5 அடி அகலம் என்பது ஏறக்குறைய 1,500 மி.மீ. ஜன்னல் உள்ள கடைசிப் பக்கத்தைக் குளிக்க ஒதுக்கி, 900 மி.மீ. நிலையான கண்ணாடி ஒன்று, 600 மி.மீ. திறப்பு ஒன்று என்று பிரித்தால் கதவே தேவைப்படாது. கதவு வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், அது திறக்கும் வழியில் கழிப்பறைத் தொட்டியின் மூக்கு இருக்கிறதா என்று ஓர் அட்டையைக் கதவளவுக்கு வெட்டிச் சுழற்றிப் பார்த்துவிடுங்கள். அட்டை இடித்தால் கண்ணாடியும் இடிக்கும்.

கதவே இல்லாம ஒரு தடுப்புக் கண்ணாடி மட்டும் போட்டா தண்ணி வெளிய தெறிக்காதா?

கொஞ்சம் தெறிக்கும். எவ்வளவு என்பது ஷவர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. தலைக்கு மேலிருந்து நேராக விழும் ஷவராக இருந்து, கண்ணாடி 900 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் திறப்பின் அருகே ஒரு கால்மிதி அளவுக்குத்தான் நனையும். கை ஷவரைத் திறப்புப் பக்கம் பார்த்து மாட்டியிருந்தால் எந்தக் கண்ணாடியும் காப்பாற்றாது. குழாய் திருகியை மட்டும் திறப்பின் பக்கத்தில் வையுங்கள். நனையாமல் கை நீட்டித் திறந்துகொள்ளலாம்.

இந்த வகைக்குக் கீல் இல்லை, கதவை மூடிப் பிடிக்கும் காந்தப் பட்டை இல்லை, உருளை இல்லை. பழுதாக எதுவும் இல்லாததால் சின்னக் குளியலறைக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். கண்ணாடியின் மேல் முனையிலிருந்து சுவருக்கு ஒரு தாங்கு கம்பி கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் யாராவது கையூன்றும்போது கண்ணாடி ஆடும்.

பக்கவாட்டுல இழுக்குற கதவா, கீல்ல தள்ளித் திறக்குற கதவா?

இழுக்கும் கதவுக்கு வெளியே இடம் வேண்டியதில்லை, அகலம்தான் வேண்டும். மொத்தம் 1,200 மி.மீ. இருந்தாலும் திறப்பு 500 மி.மீ. அளவுக்குத்தான் வரும், ஏனென்றால் ஒரு பாதி மறுபாதியின் மேல் ஏறி நிற்கிறது. உடம்பு பெருத்தவர்களுக்கு அது நெருக்கடி. கீழே தடம் உள்ள மலிவு வகையில் தலைமுடியும் சோப்பு அழுக்கும் அந்தத் தடத்தில் சேர்ந்து நாறும். மேலே உருளையில் தொங்கி, கீழே சின்ன வழிகாட்டி மட்டும் உள்ள வகையை வாங்குங்கள்.

கீல் கதவு துடைக்க எளிது, பார்க்கவும் அழகு. 600 முதல் 750 மி.மீ. வரை அகலம் போதும். 800 தாண்டினால் கீலுக்குப் பாரம். மடிப்புக் கதவு இரண்டுக்கும் நடுவில் வருகிறது, ஆனால் மடிப்புக்கு மடிப்பு ஒரு ரப்பர் பட்டை. பட்டைகள் அதிகமானால் மாற்றும் வேலையும் அதிகம். அறையின் மூலையில் மட்டும் இடம் இருந்தால் 900-க்கு 900 மி.மீ. வைர வடிவ அடைப்பு பொருந்தும். கதவு குறுக்குவாட்டில் வருவதால் தொட்டியில் இடிக்காது.

6 மி.மீ. போதும்னு ஒருத்தர் சொல்றார், 10 போடுங்கன்னு இன்னொருத்தர் சொல்றார். யாரை நம்புறது?

இருவர் சொல்வதும் சரிதான், ஆனால் வேறு வேறு கதவுக்கு. நான்கு பக்கமும் அலுமினியச் சட்டம் பிடித்திருந்தால் 6 மி.மீ. போதும். சட்டமில்லாத கதவுக்கு 8 மி.மீ. நல்ல அளவு. உயரமான, பெரிய நிலையான கண்ணாடிக்கு 10 மி.மீ. கையூன்றினாலும் அசையாமல் நிற்கும்.

எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. கனத்துக்கும் 2.5 கிலோ. 700 மி.மீ. அகலம், 2,000 மி.மீ. உயரக் கதவு 1.4 சதுர மீட்டர், 8 மி.மீ. என்றால் 28 கிலோ, 10 மி.மீ. என்றால் 35 கிலோ. அந்த 7 கிலோவும் வருடக்கணக்கில் இரண்டு கீலில்தான் தொங்கப்போகிறது. வாங்கும் கீல் எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டுவிட்டுத்தான் கனத்தை முடிவு செய்ய வேண்டும். 'கனமா இருந்தா நல்லது' என்று 10 எடுத்து, மெலிந்த கீலில் மாட்டிய கதவுகள்தான் பிறகு தரையை உரசுகின்றன.

டெம்பர்ட் கண்ணாடிதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

மூலையில் அழியாத முத்திரை இருக்கும்: தயாரித்தவரின் பெயர், பிஎஸ் இஎன் 12150 போன்ற தர எண். முத்திரை இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேளுங்கள். வெயில் நேரத்தில் போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி போட்டுச் சாய்வாகப் பார்த்தால், டெம்பர்ட் கண்ணாடியில் வரிவரியாகவோ புள்ளியாகவோ நிழல் தெரியும். கண்ணாடியைச் சூடாக்கி வேகமாகக் காற்றில் குளிர்விக்கும்போது உள்ளே தங்கிய அழுத்தத்தின் தடம் அது.

இந்த அழுத்தம்தான் சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலிமை தருகிறது. உடைந்தால் கத்திபோல் நீளத் துண்டாகாமல் சின்னச் சின்னத் துணுக்காகக் கொட்டவும் அதுதான் காரணம். ஆனால் ஒரு முறை டெம்பர் செய்த கண்ணாடியை வெட்டவோ ஓட்டை போடவோ முடியாது. 'கொஞ்சம் பெருசா இருக்கு, இங்கயே வெட்டிக்கலாம்' என்று யாராவது சொன்னால் அது டெம்பர்ட் இல்லை, திருப்பி அனுப்புங்கள்.

கண்ணாடி தானாவே வெடிச்சிடும்னு வீடியோ பார்த்தேன். உண்மையா?

உண்மை, ஆனால் அரிது. கண்ணாடி உருகும்போது நிக்கல் சல்பைடு துகள் ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டால் அது காலப்போக்கில் மெல்ல விரிந்து, யாரும் தொடாத நள்ளிரவில்கூட உடைக்கும். ஹீட் சோக் சோதனையில் கண்ணாடியைத் தொழிற்சாலையிலேயே சூடேற்றி வைக்கிறார்கள். இந்தத் துகள் உள்ள கண்ணாடிகளில் பெரும்பாலானவை அங்கேயே உடைந்துவிடும். ஆர்டர் கொடுக்கும்போதே இந்தச் சோதனை வேண்டும் என்று கேட்கலாம், கூடுதல் கட்டணம் உண்டு.

நடைமுறையில் அதிகம் பார்ப்பது வேறு காரணங்களை. டெம்பர்ட் கண்ணாடியின் நடுவில் கை ஓங்கி அடித்தாலும் தாங்கும். விளிம்பில் டைல்ஸின் மூலை லேசாகப் பட்டால் போதும். ஏற்றி இறக்கும்போது கண்ணாடியை வெறும் தரையில் நிறுத்துவது, கீலுக்கும் கண்ணாடிக்கும் இடையே ரப்பர் வைக்காமல் திருகை இறுக்குவது, கதவு போய் நிற்க ஒரு தடுப்பு இல்லாமல் சுவரில் மோதுவது ஆகியவற்றால் விளிம்பில் விழும் சின்னச் சில் மாதக்கணக்கில் காத்திருந்து வேலையைக் காட்டும். விளிம்பில் சில் தெரிந்தால் அந்தக் கண்ணாடியை மாற்றச் சொல்லுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் பாதுகாப்புப் படலம் ஒட்டினால், உடைந்தாலும் துணுக்குகள் கொட்டாமல் ஒட்டி நிற்கும்.

உள்ள இருக்கிறவங்க தெரியக்கூடாது, ஆனா இருட்டாவும் இருக்கக்கூடாது. என்ன போடலாம்?

நெடுக வரி ஓடும் கண்ணாடியைப் பாருங்கள், ஃப்ளூட்டட் என்று கடையில் சொல்வார்கள். வெளிச்சம் முழுதாக வரும், உருவம் கலைந்துவிடும். வரியுள்ள பக்கத்தை வெளியே வைத்து, வழவழப்பான பக்கத்தைத் தண்ணீர் படும் உள்பக்கம் வையுங்கள். மாற்றி வைத்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் சோப்பு உட்காரும், ரப்பர் துடைப்பானும் ஓடாது. காந்தப் பட்டையும் கீலும் வரியின் மேல் சரியாகப் பொருந்துமா என்பதையும் கடையில் முதலிலேயே கேட்க வேண்டும்.

பனிக் கண்ணாடியில் இரண்டு வகை உண்டு. மணல் வீசிச் செய்ததில் கைரேகையும் எண்ணெயும் பிடித்துக்கொண்டு போகாது. அமிலத்தில் தோய்த்துச் செய்தது பட்டுப்போல் இருக்கும், துடைக்கவும் எளிது. முழுதும் மறைக்க வேண்டாம் என்றால் தெளிந்த கண்ணாடியில் முழங்காலிலிருந்து தோள் வரை மட்டும் பனிப் படலம் ஒட்டலாம். அறை சின்னதாகத் தெரியாது, பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம்.

சாதாரணத் தெளிந்த கண்ணாடியின் விளிம்பில் ஒரு பச்சை தெரியும். வெள்ளை மார்பிள் போட்டவர்களுக்கு அது உறுத்தும். இரும்புச்சத்து குறைந்த கண்ணாடி கேட்டு வாங்கலாம். மற்றவர்களுக்கு அந்தக் கூடுதல் செலவு வீண்.

கறுப்பு ஃபிரேம், தங்க நிறக் கைப்பிடி எல்லாம் இப்ப ஃபேஷன். உழைக்குமா?

நிறம் எப்படி ஏற்றப்பட்டது என்பதைப் பொறுத்தது. அலுமினியத்தில் பவுடர் கோட்டிங் நன்றாக உழைக்கும், கீறல் விழாதவரை. கீல், கைப்பிடிகளில் பிவிடி (வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும்) முறையில் ஏற்றிய நிறம் நிற்கும். வெறும் பெயின்ட் அடித்தது, கை படும் இடத்தில் முதலில் தேய்ந்து உள்ளிருக்கும் உலோகம் தெரியும். கறுப்பில் தண்ணீர்ப் புள்ளி வெள்ளை வெள்ளையாகத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். படத்தில் பார்க்கும் குறுக்குச் சட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு சின்ன அலமாரிதான், சோப்பு நுரை வந்து தங்குவதற்கு. நெடுக்குச் சட்டம் மட்டும் வைத்தால் அந்த அழகு பெரும்பாலும் கிடைத்துவிடும்.

பத்து பெரிங்கி பக்கம், கடலைப் பார்த்த வீடு. கீல் எல்லாம் துருப்பிடிக்குது, என்ன செய்ய?

உப்புக் காற்று படும் வீட்டுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். கடலிலிருந்து தள்ளிய பகுதிகளில் 304 போதும். கடலோரத்தில் அதிலும் தேநீர்க் கறைபோல் பழுப்புப் புள்ளி வரும். கடைக்காரர் காந்தம் வைத்துக் காட்டினால் மயங்க வேண்டாம், காந்தத்தால் 304-ஐயும் 316-ஐயும் பிரித்தறிய முடியாது. பொருளின் மேல் பொறித்திருப்பதையும் ரசீதில் எழுதித் தருவதையும் நம்புங்கள். குரோம் பூசிய கெட்டிப் பித்தளையும் நல்லதே. தூக்கிப் பார்த்தால் இலேசாக இருக்கும் துத்தநாகக் கலப்பு வகையைத் தொடாதீர்கள். திருகுகளும் அதே ரகமா என்று கேளுங்கள். கீல் 316-ஆக இருந்து திருகு மட்டும் மலிவானதாக வருவது சகஜம்.

தண்ணி வெளிய வராம தரையில திண்டு கட்டணுமா? அம்மா தடுக்கி விழுவாங்களேன்னு பயமா இருக்கு.

தரைச் சரிவு ஒழுங்காக இருந்தால் உயரத் திண்டு வேண்டாம். ஒரு மீட்டருக்கு 10 முதல் 12 மி.மீ. இறக்கம் வடிகால் பக்கம் இருக்க வேண்டும். அது இருக்கிறதா என்று பார்க்க, குளிக்கும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு நில்லுங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறதோ அங்கேதான் கதவின் அடியிலும் கசியும்.

புதிதாக டைல்ஸ் போடும் வீட்டில் குளிக்கும் பகுதியை வெளிப்பகுதியைவிட 15, 20 மி.மீ. தாழ்த்திவிட்டாலே போதும். பழைய தரையை உடைக்க மனமில்லையென்றால் கிரானைட் திண்டு 50 மி.மீ. உயரத்தில் ஒட்டலாம், அதன் மேற்பரப்பு உள்பக்கம் லேசாகச் சரிந்திருக்க வேண்டும். பலர் இதை மட்டமாகப் பதித்துவிடுகிறார்கள், பிறகு தண்ணீர் கண்ணாடியின் அடியில் தங்கி வெளியே வழிகிறது. வயதானவர்கள் உள்ள வீட்டில் திண்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் தரையின் நிறத்துக்கு மாறான நிறத்தில் வையுங்கள், கண்ணுக்குத் தட்டுப்படும்.

எங்க பாத்ரூம்ல ஒரே ஒரு ஃப்ளோர் டிராப்தான். கண்ணாடி போட்டா தண்ணி எப்படிப் போகும்?

முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி, பலர் திண்டு கட்டிய பிறகு கேட்கிறார்கள். பழைய அடுக்குமாடிகளில் தரை வடிகால் ஒன்றே ஒன்றுதான், அதுவும் பெரும்பாலும் கழிப்பறைத் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே. திண்டு வைத்து அடைத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். வடிகால் வெளிப்பக்கம் மாட்டினால் குளித்த தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கும். உள்பக்கம் மாட்டினால், வெளிப்பக்கத்தை ஹோஸ் பிடித்துக் கழுவும் நாளில் அந்தத் தண்ணீர் தேங்கும், கடைசியில் படுக்கையறை வாசலுக்குப் போகும்.

வழி மூன்று. வடிகால் உள்பக்கம் வரும்படி கண்ணாடியின் இடத்தை நகர்த்தி, வெளிப்பக்கத்தை இனி துடைப்பானால் மட்டும் துடைப்பது என்று வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்வது. அல்லது திண்டே இல்லாமல் நிலையான கண்ணாடி மட்டும் போட்டு, அதன் அடியில் 10 மி.மீ. இடைவெளி விடுவது, தரைச் சரிவு ஒரே பக்கம் ஓடுவதால் இரண்டு பக்கத் தண்ணீரும் ஒரே வடிகாலுக்குப் போகும். மூன்றாவது, தரையை உடைத்து இன்னொரு வடிகால் வைப்பது. அடுக்குமாடியில் அந்தக் குழாய் கீழ் வீட்டின் கூரைக்கு அடியில்தான் ஓடும், அவர்களின் சம்மதம் இல்லாமல் நடக்காது. எங்கள் கருத்தில் முக்கால்வாசி வீடுகளுக்கு இரண்டாவது வழியே போதும்.

டைல்ஸ்ல ஓட்டை போட்டா வெடிக்காதா? தண்ணி உள்ள இறங்காதா?

போர்சலின் டைல்ஸுக்கு டைமண்ட் பிட், தண்ணீர் விட்டுக்கொண்டே, சுத்தியல் இயக்கம் இல்லாமல், குறைந்த வேகத்தில் துளைக்க வேண்டும். டைல்ஸ் தாண்டிச் சுவர் வந்த பிறகுதான் சுத்தியல் இயக்கம். பிட் வழுக்காமல் இருக்க மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்வார்கள். டைல்ஸின் விளிம்பிலிருந்து இரண்டு செ.மீ.யாவது தள்ளித் துளைத்தால் விரிசல் அபாயம் குறையும். குழாய் திருகிக்கு நேர் மேலும் கீழும் துளைக்கவே கூடாது, சுவருக்குள் குழாய் அந்த வழியில்தான் ஓடும்.

துளையைத் தூசி போக ஊதி, சிலிக்கான் நிரப்பி, பிறகு வால் பிளக் (திருகைப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை) செருகினால் சுவரில் தண்ணீர் இறங்காது. தரையில் மட்டும் துளைக்கச் சம்மதிக்காதீர்கள். தரை டைல்ஸுக்கு அடியில் நீர்காப்புப் பூச்சு இருக்கிறது. அதில் ஒரு திருகு போதும், கீழ் வீட்டுக் கூரையில் வட்டமாகக் கறை வர. கண்ணாடியின் அடியைச் சிலிக்கானால் ஒட்டி, மேலே தாங்கு கம்பியால் பிடித்தாலே உறுதியாக நிற்கும்.

சுவர் என்ன வகை என்று தட்டிப் பாருங்கள். புதிய கொண்டோக்களில் சில சுவர்கள் முழுக் கான்கிரீட், துளைக்க நேரமாகும், ஆனால் பிடிப்பு இரும்புபோல் இருக்கும். இலேசுரகக் கற்களால் கட்டிய சுவரில் சாதாரண வால் பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கென்று தனி ஆங்கர் உண்டு.

ஜார்ஜ் டவுன் பக்கம் பழைய வீடு. சுவரும் நேரா இல்ல, தட்டினா உதிருது. கண்ணாடி மாட்ட முடியுமா?

முடியும், கீல் கதவை மறந்துவிட்டால். போருக்கு முந்தைய வீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும். 28 கிலோக் கதவு ஆடி ஆடி இழுக்கும்போது அந்தப் பூச்சில் திருகு தளர்ந்துவிடும். நிலையான கண்ணாடியை முழு உயர அலுமினியத் தடத்தில் நிறுத்தினால் பாரம் பல திருகுகளுக்குப் பிரியும். திருகுகள் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போக வேண்டும், கல் நடுவில், ரசாயன ஆங்கருடன். சுவர்ச் சாய்வையும் அந்தத் தடம் 15 மி.மீ. வரை மறைத்துக்கொள்ளும். அதற்கு மேல் சாய்ந்திருந்தால் முதலில் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

அளவு எப்ப எடுக்கணும்? கண்ட்ராக்டர் பிளானைப் பார்த்தே ஆர்டர் பண்ணிடலாம்ங்கிறார்.

டைல்ஸ், திண்டு எல்லாம் முடிந்த பிறகுதான். டெம்பர்ட் கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது என்பதை மேலே சொன்னோம், 5 மி.மீ. தவறினாலும் புதிதாகத்தான் செய்ய வேண்டும். அகலத்தைக் கீழே, நடுவே, மேலே என மூன்று இடத்தில் அளந்து, ரசமட்டம் வைத்துச் சுவர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று குறிக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக இருக்காது, அதில் ஆச்சரியமில்லை. சட்டமில்லாக் கண்ணாடி என்றால் சுவர்ச் சாய்வுக்கு ஏற்ப அதைச் சரிவாகவே வெட்டச் சொல்லலாம்.

உயரம் 2,000 மி.மீ. போதும். கூரை வரை அடைத்தால் நீராவி உள்ளேயே சுற்றும், பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மேலே 300, 400 மி.மீ. திறந்திருந்தால் வெளியேற்று விசிறி அதை இழுத்துவிடும். லிஃப்ட்டின் வாசலையும் உள் உயரத்தையும் அளந்து கொடுங்கள். 2.2 மீட்டர் கண்ணாடி லிஃப்ட்டில் நுழையாமல் 14 மாடி படிக்கட்டில் ஏறினால் கூலி வேறு கணக்கு.

கொண்டோ மேனேஜ்மெண்ட்கிட்ட சொல்லணுமா? சின்ன வேலைதானே.

சொல்லுங்கள். துளைக்கும் சத்தத்துக்கே பக்கத்து வீட்டிலிருந்து புகார் போகும். பெரும்பாலான இடங்களில் புதுப்பிப்பு அனுமதி, முன்பணம், வேலை நேரக் கட்டுப்பாடு உண்டு.

கீழ் வீட்டில் கசிவு வந்தால் விஷயம் பெரிதாகும். 2013 ஸ்ட்ராட்டா (அடுக்குமாடிக் கட்டட) நிர்வாகச் சட்டத்தின் கீழ் வந்த 2015 விதிகளின்படி, புகார் கிடைத்த 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்த்து, அதன் பிறகு படிவம் 28-இல் காரணத்தைச் சான்றளிக்க வேண்டும். அப்போது முதல் சந்தேகம் சமீபத்தில் துளைத்தவர் மேல்தான் விழும். வேலைக்கு முன்பும் பின்பும் வடிகாலை அடைத்து, ஓரங்குலத் தண்ணீர் நிரப்பி 24 மணி நேரம் விட்டுக் கீழ் வீட்டுக் கூரையைப் படமெடுத்து வையுங்கள். புது வீடு என்றால் சாவி வாங்கியதிலிருந்து, வீட்டைக் கட்டிய மேம்பாட்டாளர் குறைகளைச் சரிசெய்து தர வேண்டிய 24 மாதக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் இருக்கிறது. அது முடியுமுன் தரையில் துளைத்தால், கசிவுக்கு நீங்களே காரணம் என்று சொல்ல அவருக்கு வழி கிடைத்துவிடும்.

சதுர அடிக் கணக்கில் விலை சொல்றாங்க. ரெண்டு கடைக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

ஒருவர் கண்ணாடியை மட்டும் சொல்லியிருப்பார், இன்னொருவர் கீல், கைப்பிடி, பட்டைகள், தாங்கு கம்பி, பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்துச் சொல்லியிருப்பார். கண்ணாடியில் போடும் ஓட்டைக்கும் வெட்டுக்கும் தனிக் கட்டணம் உண்டா, பழையதைக் கழற்றி எடுத்துப்போவார்களா, பொருத்தும்போது உடைந்தால் யார் பொறுப்பு ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். கனம், கீலின் ரகம், முத்திரை மூன்றும் விலை எழுதித் தரும் தாளில் இல்லாவிட்டால் விலையை ஒப்பிட்டே பயனில்லை.

வாட்டர் ஹீட்டர் குளிக்கிற இடத்துக்குள்ளயே இருக்கு. பிரச்சினையா?

கதவு திறக்கும்போது அதில் மோதாமல் இருக்க வேண்டும், அவ்வளவே. ஹீட்டர் இணைப்புக்கு 10 மில்லிஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதா என்பதை அதே வேளையில் மின்பணியாளரிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாத்தா பாட்டி இருக்கிற வீட்டுக்கு எது பாதுகாப்பு?

கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவரது உடம்பே அடைத்துக்கொள்ளும். கண்ணாடியில் துண்டு தொங்கவிடும் கம்பி, பிடித்து எழுவதற்கல்ல. பிடிகம்பியைச் சுவரில் தனியே பொருத்துங்கள். நாற்காலி போட்டுக் குளிப்பாட்ட வேண்டிய நாள் வரலாம் என்றால் இப்போதே 900 மி.மீ. திறப்பு விட்டு, கதவில்லாத வகையைத் தேர்ந்தெடுங்கள்.

வாரா வாரம் எண்ணெய் தேச்சுக் குளிக்கிற வீடு. கண்ணாடியெல்லாம் ஒரே பிசுக்கு, ரப்பர் பட்டையில மஞ்சக் கறை. எப்படிப் போக்குறது?

நல்லெண்ணெய் கண்ணாடியில் படலமாகப் பரவும், அதன் மேல் சீயக்காய்த் தூளும் சோப்பும் ஒட்டிக் காய்ந்துவிடும். தண்ணீர் ஊற்றினால் போகாது. குளித்த உடனே, சுவர் இன்னும் சூடாக இருக்கும்போது, பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டை ஒரு கிண்ணம் வெந்நீரில் கலந்து மென்மையான ஸ்பாஞ்சால் மேலிருந்து கீழே துடைத்து, கழுவி, ரப்பர் துடைப்பானால் வழித்துவிடுங்கள். தரையையும் அதே தண்ணீரால் தேய்த்துவிடுவது முக்கியம். அடுத்துக் குளிக்க வருபவர் வழுக்குவது அந்த எண்ணெயில்தான்.

மஞ்சள் கண்ணாடியில் நிற்காது, சிலிக்கானிலும் பட்டையிலும் ஊறிவிடும். சோப்பு பட்டால் அது சிவந்து இன்னும் பளிச்சென்று தெரியும், மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் குங்குமம் சிவப்பதும் இதே காரணத்தால்தான். கழற்றக்கூடிய பட்டையை உருவி எடுத்து, கழுவி, வெயிலில் சில மணி நேரம் வையுங்கள். மஞ்சள் நிறம் வெளிச்சத்தில் வெளிறும். சிலிக்கானில் ஊறியது போகாது. மஞ்சள் பூசிக் குளிப்பவர்கள் உள்ள வீட்டுக்கு முதலிலேயே வெள்ளைக்குப் பதில் சாம்பல் நிறச் சிலிக்கான் கேளுங்கள்.

வெள்ளைப் புள்ளிகளுக்கு வினிகரும் தண்ணீரும் சம அளவில். மார்பிள் திண்டில் அது படக்கூடாது, கல்லை அரித்துவிடும். இரும்புத் தேய்ப்பான் வேண்டவே வேண்டாம்.

நேனோ கோட்டிங் போடச் சொல்றாங்க. தேவையா?

கண்ணாடியில் இந்தப் பூச்சு இருந்தால் தண்ணீர் முத்துப்போல் உருண்டு ஓடும், துடைக்கும் வேலை குறையும். ஆனால் அது தேயும், மறுபடி பூச வேண்டும். தினமும் ரப்பர் துடைப்பானால் அரை நிமிடம் வழிக்கிறவர்களுக்குத் தேவையில்லை.

சிலிக்கான் ஓரமெல்லாம் கறுத்துப் போச்சு. குளோராக்ஸ் ஊத்தியும் போகல.

பூஞ்சை மேலே இல்லை, சிலிக்கானுக்குள் வேர் விட்டிருக்கிறது. அறுத்தெடுத்துப் புதிதாகப் போடுவதுதான் வழி. பழையதைப் பிளேடால் முழுவதும் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பூஞ்சைத் தடுப்பு உள்ள நியூட்ரல் வகைச் சிலிக்கானைப் போடுங்கள். புளித்த வாடை அடிக்கும் வகை உலோகத்தையும் மார்பிளையும் அரிக்கும். 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது. இரண்டு குளியலறை உள்ள வீட்டில் ஒன்றை ஒரு நாள் பூட்டிவிடுவது நல்லது.

போட்டு ஆறு மாசம்தான் ஆச்சு. கதவு அடியில தண்ணி வருது, மூடும்போது உரசுது. ஆளைக் கூப்பிட்டா சிலிக்கான் அடிச்சிட்டுப் போயிடுறார்.

இரண்டும் ஒரே நோயாக இருக்கலாம். கதவை மூடி, கீல் பக்க இடைவெளியை மேலிருந்து கீழே பாருங்கள். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் கதவு இறங்கியிருக்கிறது. இரண்டு பேர் கதவைத் தூக்கிப் பிடித்து, கீலின் திருகுகளைத் தளர்த்தி, அடியில் சரியான கனத்துக்கு அட்டை வைத்து நிமிர்த்தி மறுபடி இறுக்க வேண்டும். தனியாகச் செய்யாதீர்கள், எடை எவ்வளவு என்று மேலே கணக்குப் போட்டோம். சுவர்ப் பக்கத் திருகே தளர்ந்திருந்தால் ஆங்கரை மாற்ற வேண்டும், இறுக்கிப் பயனில்லை.

இடைவெளி சீராக இருந்தும் தண்ணீர் வந்தால் அடிப் பட்டையைப் பாருங்கள். அதில் சாய்ந்து நிற்கும் நாக்கு உள்பக்கம் பார்த்திருக்க வேண்டும். திருப்பி மாட்டியிருந்தால் அதுவே தண்ணீரை வெளியே வடிக்கும். பட்டை 6, 8, 10 மி.மீ. என்று கனத்துக்குத் தனித்தனி, பழுத்து விறைத்துப்போனால் மாற்றிவிடலாம், விலை குறைவு. பட்டையும் சரி என்றால் தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்க்கும் சோதனையைச் செய்யுங்கள். திண்டின் மேற்பரப்பு வெளிப்பக்கம் சரிந்திருந்தால் எத்தனை முறை சிலிக்கான் அடித்தாலும் நிற்காது. சிலிக்கானை வெளிப்பக்கம் மட்டும் அடித்து அடைப்பது இன்னும் மோசம்: உள்ளே நுழைந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கண்ணாடியின் அடியிலேயே கிடந்து நாறும்.